ஆலை சம்மாந்துறையில், நீங்கள் கல்லடியில்: லொக்கின் திறப்பை எங்கே வைப்பது?

மற்றவர்களுக்கும் விளங்க வேண்டுமே என்று கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லடியில் இருக்கும் ஒரு தம்பி, சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலைக்கு பைத்தனில் மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறார். தராசிலிருந்து நிறை எடுப்பது, ஈரப்பதம் பதிவது, விவசாயிக்குப் பற்றுச்சீட்டுத் துண்டு அடிப்பது, பின்னேரம் கணக்கு முடிப்பது எல்லாம் அதற்குள்தான். சில நாட்களில் நிறை 50, 60 கிலோ பிசகுகிறது என்று முதலாளி சொல்கிறார். தம்பி கல்முனையில் பஸ் மாறிப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. திரும்பி வந்தால் மறுபடி பிசகு. கோட் முழுக்க பிரிண்ட் போட்டிருக்கிறார், நடப்பதைத் திரையில் ஒரு கறுப்பு ஜன்னலில் காட்டும் கட்டளை அது. அந்தக் கறுப்பு ஜன்னலை யாராவது மூடிவிட்டால் அதுவும் போச்சு. "லொக் எப்படி வைப்பது, எவ்வளவு எழுதுவது, கோட்டைத் தொடாமல் கூட்டிக் குறைக்க வழி உண்டா?" என்று கேட்கிறார். லொக் என்றால் பூட்டு அல்ல; மென்பொருள் தான் செய்வதை வரி வரியாக எழுதிவைக்கும் குறிப்பு.

வழி உண்டு. ஆனால் அந்த வழி இருக்க வேண்டுமென்றால் கோட் எழுதும்போதே ஒரு வேலை செய்திருக்க வேண்டும். அதைத்தான் இந்தப் பதிலில் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

பிரிண்டைத் திட்ட மாட்டேன்; எல்லோரும் அதில்தான் தொடங்குகிறோம். மேசைக்கு முன்னால் நாம் இருக்கும்வரை அது போதும். ஆனால் எத்தனை மணிக்கு நடந்தது, எந்தப் பகுதி சொன்னது, எவ்வளவு முக்கியம் என்ற ஒன்றும் பிரிண்ட் வரியில் இருக்காது. அதைவிடப் பெரிய குறை, அதற்கு மூடித் திறக்கும் கதவு கிடையாது. எதை எழுதுவது என்பதை கோட் எழுதும்போது தீர்மானிக்கிறீர்கள், சரி. அதில் எதை வெளியே விடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டிய நேரம் வேறு. ஆலையில் பிசகு நடக்கும் அந்தப் பின்னேரம்தான் அது. இரண்டு தீர்மானத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்திருப்பதால்தான் நீங்கள் பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

இது பழைய பிரச்சினை. எரிக் ஓல்மன் என்பவர் 1980களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதியபோது, அதன் கூடவே சிஸ்லொக் என்பதையும் செய்தார். "இது எந்தப் பகுதியிலிருந்து வருகிறது, எவ்வளவு அவசரம்" என்பதை மட்டும் புரோகிராம் சொல்லும். அதைக் கோப்பில் போடுவதா, வேறு கொம்பியூட்டருக்கு அனுப்புவதா, எறிந்துவிடுவதா என்பதை வெளியே ஒரு கன்ஃபிக் கோப்பு, அதாவது அமைப்புக் கோப்பு, தீர்மானிக்கும். அவசரத்துக்கு எட்டுப் படிகள், 0 முதல் 7 வரை. பின்னால் ஜாவா உலகில் லொக்4ஜே என்ற லொக் நூலகம் (ஆயத்தக் கோட் தொகுப்பு) வந்து இதை இன்னும் நுணுக்கமாக்கியது. அதைப் பார்த்துப் பைத்தனும் 2003இல் 2.3 பதிப்போடு தனக்கென்று ஒரு லொக்கிங் தொகுதியைச் சேர்த்துக்கொண்டது. நீங்கள் புதிதாக எதையும் நிறுவத் தேவையில்லை. அது பைத்தனுக்குள்ளேயே இருக்கிறது.

படிகளை எப்படிப் பிரிப்பது என்று எல்லோரும் குழம்புவார்கள். பைத்தனில் டீபக் 10, இன்ஃபோ 20, வோர்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. எண்ணைப் பார்த்து ஒன்றும் விளங்காது. நான் ஆளைப் பார்த்துப் பிரிப்பேன். ஆலை முதலாளிக்குக் காட்டினால் "ஓம், இது நடந்தது" என்று அடையாளம் சொல்லக்கூடியது இன்ஃபோ: லோடு வந்தது, நிறை பதிந்தது, துண்டு அடித்தது, கணக்கு மூடியது. எனக்கு மட்டும் விளங்குவது டீபக்: தராசிலிருந்து வந்த பைட்டுகள், டேட்டாபேஸுக்குப் போன கேள்வி. யாராவது நாளைக்குள் பார்க்க வேண்டியது வோர்னிங்: அச்சு இயந்திரம் இரண்டாம் தடவைதான் பதில் சொன்னது. இப்போதே யாரோ எழும்ப வேண்டியது எரர். கிரிட்டிக்கலை நான் பாவிப்பதே இல்லை, எரரே போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் வந்த நெல்லை உங்கள் மென்பொருள் திருப்பி அனுப்பினால் அது எரர் அல்ல. அது மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதற்கு இன்ஃபோ. பொடியன்கள் எழுதும் கோட்டில் நான் அடிக்கடி காணும் பிழை இது. மழைக்கால அறுவடையில் ஈர நெல் நாள் முழுக்க வரும், நாள் முழுக்க எரர் விழும். ஒரு கிழமையில் எரர் என்ற சொல்லை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சரி, இனிப் பெயருக்கு வருவோம். இதுதான் முக்கியம்.

கோட்டுக்குள் லொக் வரி எழுதுவது லொக்கர். அதில் ஒன்றை எடுக்கும்போது அதற்கு ஒரு பெயர் கொடுக்கிறோம். பெயரில் புள்ளி வைத்தால் அது தாய், பிள்ளை என்று பிரியும். ஆலை என்பது தாய், ஆலை.தராசு, ஆலை.வாங்கல், ஆலை.அச்சு, ஆலை.கணக்கு என்பன பிள்ளைகள். எல்லாவற்றுக்கும் மேலே பெயரில்லாத மூலம் ஒன்று உண்டு, ரூட். பிள்ளைக்கு நீங்கள் படி எதுவும் குறிக்காவிட்டால் அது தாயின் படியை எடுத்துக்கொள்ளும், தாய்க்கும் இல்லாவிட்டால் பாட்டியின் படியை. எங்குமே குறிக்காவிட்டால் ரூட்டின் இயல்புப் படியான வோர்னிங்கில் நிற்கும். "இன்ஃபோ எழுதினேன், ஒன்றும் வரவில்லையே" என்று புதிதாக வருபவர்கள் கேட்பது இதனால்தான்.

கல்லோயாத் தண்ணீர் உங்கள் ஆலைக்கு நெல் தரும் வயல்களுக்கு வருவதை நினைத்துப் பாருங்கள். பெரிய வாய்க்காலில் ஒரு கதவு, கிளை வாய்க்காலில் ஒன்று, கடைசியில் வரம்பில் ஒரு வக்கடை. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை முழு வாய்க்காலையும் திறக்காமல் ஒரு வயல் கண்டத்துக்கு மட்டும் தண்ணீர் விடுவார். அப்படி விட முடிவது அந்த இடத்தில் முன்பே கதவு இருப்பதால். லொக்கர் பெயரும் அப்படித்தான். எல்லாக் கோப்பிலும் ஒரே லொக்கரை வைத்து எழுதிவிட்டு, பிறகு "தராசை மட்டும் டீபக் ஆக்கு" என்றால் முடியாது. அங்கே கதவு கட்டப்படவில்லை. இன்று நீங்கள் வைக்கும் பெயர்கள்தான் ஆறு மாதம் கழித்து உங்கள் கையில் இருக்கப்போகும் கதவுகள்.

பெரும்பாலான பாடங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் அதன் கோப்புப் பெயரையே லொக்கருக்கு வைக்கச் சொல்லும். பிழையில்லை. ஆனால் சிறு மென்பொருளுக்கு நான் தொழிலின் பெயரை வைப்பேன். தொலைபேசியில் ஆலை எழுதுவினைஞரிடம் "தராசு என்ற வரியைத் தேடுங்கள்" என்று சொல்ல முடிய வேண்டும். பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைத்தாலும் பைத்தன் மறுக்காது. அது வெறும் எழுத்துத் தொடர்தான்.

வாய்க்கால் உவமை ஓர் இடத்தில் உடையும், அதையும் சொல்லிவிட வேண்டும். பைத்தனில் கதவுகள் இரண்டு வகை. லொக்கரில் ஒரு படி. கோப்புக்கோ திரைக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும் ஹேண்ட்லரில் இன்னொரு படி. செய்தி முதலில் தான் பிறந்த லொக்கரின் படியைத் தாண்ட வேண்டும். தாண்டிவிட்டால் மேலே ஏறி, தாயிடமும் ரூட்டிடமும் கட்டியிருக்கும் ஹேண்ட்லர்களிடம் போகும். அப்படி ஏறும்போது தாய் லொக்கரின் படியை யாரும் பார்க்க மாட்டார்கள். ஹேண்ட்லரின் படியை மட்டும்தான் பார்ப்பார்கள். அதனால் ரூட் வோர்னிங்கில் இருந்தாலும், தராசு டீபக்கில் இருந்தால் தராசின் டீபக் வரி கோப்புக்குப் போய்ச் சேரும், ஹேண்ட்லர் தடுக்காவிட்டால். இது விளங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிக் குழப்பம், ஒரே வரி இரண்டு மூன்று தடவை விழுவது. ஒவ்வொரு கோப்பிலும் ஹேண்ட்லர் கட்டினால் பிள்ளையிடம் ஒரு தடவை, தாயிடம் ஒரு தடவை என்று எழுதும். ஹேண்ட்லர்களை ரூட்டில் மட்டும் கட்டுங்கள். பிள்ளைகளிடம் பெயரும் படியும் போதும்.

இனி வெளியே இருக்கும் கன்ஃபிக். பைத்தனில் டிக்ட்கன்ஃபிக் என்ற செயற்பாடு முழு அமைப்பையும் ஓர் அகராதியாக, அதாவது பெயரும் மதிப்புமாக, ஏற்கும். அதை ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் ஒரு கோப்பாக வைத்து, தொடங்கும்போது வாசித்துக் கொடுத்தால் போதும். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதற்கு முன்பே உருவான லொக்கர்களை முடக்கிவிடு என்பது அதன் இயல்பு நிலை. நீங்கள் கோப்புகளை இம்போர்ட் செய்த பிறகு கன்ஃபிக்கை வாசித்தால், கன்ஃபிக்கில் தன் பெயரோ தாயின் பெயரோ இல்லாத லொக்கர்கள் ஒரு சத்தமும் இல்லாமல் ஊமையாகிவிடும். 'டிசேபிள் எக்சிஸ்டிங் லொக்கர்ஸ்' என்ற அந்த வரியைத் தேடி, பொய் என்று வைத்துவிடுங்கள். நான் ஒரு முழு இரவை இதில் தொலைத்திருக்கிறேன்.

முழு ஜேசனையும் எழுதுவினைஞர் கையில் கொடுக்காதீர்கள். ஒரு காற்புள்ளி போனாலும் எல்லாம் போய்விடும். நான் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு வைப்பேன். அதில் இவ்வளவுதான் இருக்கும்:

ஆலை = இன்ஃபோ
ஆலை.அச்சு = வோர்னிங்
ஆலை.தராசு = டீபக், முடிவு 18:00

மென்பொருளுக்குள் பின்னணியில் ஒரு சிறு இழை (திரெட்) ஓடிக்கொண்டிருக்கும். 30 செக்கனுக்கு ஒருக்கா இந்தக் கோப்பின் திருத்திய நேரம் மாறியிருக்கிறதா என்று பார்க்கும்; மாறியிருந்தால் வாசித்துப் படிகளை மாற்றும். ஜாவாவில் லொக்பேக் என்ற நூலகத்துக்கும் லொக்4ஜே 2க்கும் இந்த வசதி கூடவே வருகிறது, இத்தனை செக்கனுக்கு ஒருக்கா கோப்பைப் பார் என்று சொன்னால் போதும். டொட்நெட்டிலும் அமைப்புக் கோப்பு மாறினால் அதுவாகவே மீண்டும் வாசிக்கும். பைத்தனில் இருபது முப்பது வரி நாமே எழுத வேண்டும். எழுதுங்கள், அது வீண் போகாது.

அந்த 'முடிவு 18:00' என்பது பட்டறிவில் வந்தது. டீபக்கைத் திறக்க எல்லோருக்கும் நினைவிருக்கும், மூட ஒருவருக்கும் நினைவிருக்காது. நேரம் முடிந்ததும் தானாகப் பழைய படிக்குத் திரும்பட்டும். கோப்பில் பிழையாக ஏதாவது எழுதியிருந்தால் மென்பொருள் விழக் கூடாது. பழைய படியிலேயே நின்று "இந்த வரி விளங்கவில்லை" என்று ஒரு வோர்னிங் எழுதட்டும். லொக் வைத்ததால் ஆலை நின்றது என்ற பெயர் நமக்கு வேண்டாம்.

இப்போது உங்கள் 60 கிலோவுக்கு வருகிறேன். அக்கரைப்பற்றுப் பக்கம் ஓர் ஆலையில் எனக்கும் இதே முறைப்பாடு வந்தது. இன்ஃபோவில் மட்டும் பார்த்தால் விழும் வரி இப்படித்தான் இருக்கும்:

14:07:33.020 இன்ஃபோ ஆலை.தராசு துண்டு=4417 நிறை=6,840 பதிந்தது

இதில் ஒரு பிழையும் தெரியாது. தராசு லொக்கரை மட்டும் அன்று பின்னேரம்வரை டீபக்குக்குத் திருப்பச் சொன்னேன். மூன்று மணித்தியாலத்தில் இப்படி ஒன்று மாட்டியது:

14:07:32.610 டீபக் ஆலை.தராசு துண்டு=4417 வந்தது: யூஎஸ் 6,910
14:07:32.810 டீபக் ஆலை.தராசு துண்டு=4417 வந்தது: யூஎஸ் 6,870
14:07:33.010 டீபக் ஆலை.தராசு துண்டு=4417 வந்தது: யூஎஸ் 6,840
14:07:33.210 டீபக் ஆலை.தராசு துண்டு=4417 வந்தது: எஸ்டி 6,780

பல தராசுக் காட்டிகள் ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்னால் இரண்டு எழுத்து அனுப்பும். எஸ்டி என்றால் நிறை நிலைத்துவிட்டது, யூஎஸ் என்றால் இன்னும் ஆடுகிறது. உழவு இயந்திரம் பெட்டியோடு மேடையில் ஏறி பிரேக் பிடித்தால் சில கணம் முழுதும் குலுங்கும். எழுதுவினைஞர் அவசரத்தில் பொத்தானை அழுத்தினார். மென்பொருள் கடைசியாக வந்த எண்ணை அப்படியே எடுத்தது. இரண்டெழுத்தை அது பார்க்கவே இல்லை. 0.2 செக்கன் பொறுத்திருந்தால் 6,780. வித்தியாசம் சரியாக 60 கிலோ.

நான் போய் நின்ற நாட்களில் ஏன் பிசகவில்லை? வெளியாள் ஒருவன் பக்கத்தில் நின்றால் எழுதுவினைஞர் ஆறுதலாக அழுத்துவார், அவ்வளவுதான். உங்கள் இடத்திலும் இதே காரணம்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஆனால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். திருத்தம் சின்னது: எஸ்டி வந்த வாசிப்பை மட்டும் ஏற்க வேண்டும், அதுவும் தொடர்ந்து மூன்று ஒரே எண்ணாக வந்தால்.

அந்த வரிகளில் 'துண்டு=4417' என்று ஒவ்வொன்றிலும் இருப்பதைக் கவனித்தீர்களா? அது இல்லாவிட்டால் இரண்டு மேடை ஒரே நேரத்தில் ஓடும் ஆலையில் எந்த வரி எந்த லோடுக்கு உரியது என்று பிரிக்கவே முடியாது. ஃபில்டர் என்று ஒன்று, வரி வெளியே போகுமுன் அதைப் பார்க்கும் சிறு கோட், எழுதி, நடப்பிலிருக்கும் துண்டு இலக்கத்தை எல்லா வரியிலும் தானாகச் சேர்த்துவிடுங்கள்.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் பார்க்காமல் யாரும் டீபக்கைத் திறக்கக் கூடாது. செக்கனுக்கு 5 வாசிப்பு, வரிக்கு 200 பைட் என்று வையுங்கள் (தமிழில் எழுதினால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ஆகவே ஆங்கில வரியைவிடப் பெருக்கும்). பத்து மணித்தியாலத்துக்கு 36 எம்பி. இன்ஃபோ மட்டும் என்றால், நாளுக்கு 150 லோடு, லோடுக்கு 6 வரி, மொத்தம் 180 கேபி. வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 66 எம்பிதான். ஆக இரண்டு ஹேண்ட்லர் வையுங்கள். ஒன்று இன்ஃபோவும் அதற்கு மேலும், ஒரு வருடம் கிடக்கட்டும். மற்றது எல்லாவற்றையும் ஏற்பது, 10 எம்பி வந்ததும் சுழன்று (புதிய கோப்புக்கு மாறி) 10 பழைய கோப்புகளை மட்டும் வைத்திருப்பது. நடப்புக் கோப்போடு 110 எம்பி, மூன்று நாள் டீபக். சுழற்சி ஹேண்ட்லரில் அளவையும் பழைய கோப்புகளின் எண்ணிக்கையையும் இரண்டையும் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அது சுழலாது, வளர்ந்துகொண்டே போகும்.

வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை என் பிழையிலிருந்தே சொல்கிறேன். வாழைச்சேனைப் பக்கம் ஒரு மீன் வியாபார இடத்துக்கு லினக்ஸ் சேர்வர் ஒன்றில் பில் போடும் மென்பொருள் ஓடியது. ஏதோ தேட டீபக்கைத் திறந்தவன் நான், மறந்தவனும் நான். சுழற்சி இல்லை. விடிய மூன்று மணிக்குப் படகுகள் வரும் நேரம், டேட்டாபேஸ் எழுத மறுத்தது, டிஸ்கில் இடமில்லை. 40 ஜிபிக்கு என் லொக் கோப்பு ஒன்றே கிடந்தது. நித்திரைக் கண்ணோடு வீட்டிலிருந்தே நுழைந்து அந்தக் கோப்பை அழித்தேன். இடம் திரும்பவில்லை! கோப்புப் பட்டியலில் அது இல்லை, ஆனால் டிஸ்க் 100 சதவீதம் என்றே நின்றது. லினக்ஸில் ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மட்டும்தான் போகும். அந்தப் புரோகிராம் மூடும்வரை இடம் பிடித்தபடியே இருக்கும். மென்பொருளை நிறுத்தித் தொடங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அதற்குள் அங்கே ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, கையால் பில் எழுதினார்கள். அழிக்காமல், கோப்பை இருந்த இடத்திலேயே வெறுமையாக்கியிருந்தால் உடனே இடம் வந்திருக்கும்.

டொக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஓட்டுபவர்களுக்கும் இதே பள்ளம் உண்டு. அதன் இயல்பான ஜேசன் லொக் முறைக்குச் சுழற்சி கிடையாது. உச்ச அளவை நீங்கள்தான் குறிக்க வேண்டும்.

விண்டோஸில் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இரண்டு விடயம். ஒரே லொக் கோப்பை இரண்டு புரோகிராம் திறந்து வைத்திருந்தால் சுழற்சிக்குப் பெயர் மாற்ற விண்டோஸ் விடாது, பிழை அடிக்கும். ஆகவே ஆளுக்கொரு கோப்பு. அடுத்தது தமிழுக்கே உரியது: ஹேண்ட்லருக்கு யூடிஎஃப்-8 என்று நீங்கள் சொல்லாவிட்டால், பழைய விண்டோஸ் எழுத்துமுறையில் எழுதப் பார்க்கும். விவசாயியின் பெயர் தமிழில் வந்ததும் அந்த வரி எழுதப்படாமல் போகும். பைத்தன் அந்தப் பிழையைத் திரைக்குத்தான் சொல்லும். திரையே இல்லாமல் பின்னணியில் ஓடினால் சொல்லவும் ஆளில்லை. ஆங்கிலப் பெயர்களோடு சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

விவசாயியின் பெயர் என்றதும் இன்னொன்று. லொக்கில் என்ன எழுதக் கூடாது என்பது என்ன எழுதுவது என்பதைவிடப் பாரமான கேள்வி. அடையாள அட்டை இலக்கத்தை முழுதாக எழுதாதீர்கள். நம் அடையாள அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த வருடமும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. பழைய 9 இலக்க அட்டையிலும் அப்படி, புதிய 12 இலக்கத்திலும் அப்படி. கடைசி மூன்று இலக்கம் தேடுவதற்குப் போதும். வங்கிக் கணக்கு இலக்கமும் அதே போல. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விட்டாலும், பிழை பார்க்க வட்ஸ்அப்பில் லொக் கோப்பு அனுப்பும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அது யார் யார் கையில் போகும்?

பெரிய இடங்களே இதில் வழுக்கியிருக்கின்றன. 2018 மே மாதம் டுவிட்டர் தன் 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்கள் மறைக்கப்படுவதற்கு முன்பே உள்ளக லொக் ஒன்றில் எழுதப்பட்டிருந்தன, யாரும் திருடியதாகத் தெரியவில்லை என்றாலும். 2021 டிசம்பரில் லொக்4ஜே 2இல் வெளிப்பட்ட ஓட்டை இன்னும் விசித்திரம். லொக் செய்தியாக வரும் எழுத்துக்குள் ஒரு குறித்த வடிவம் இருந்தால் அந்த நூலகம் அதை வெறும் எழுத்தாகப் பார்க்காமல், வெளியே ஒரு சேர்வரிடம் போய்த் தேடியது. அங்கிருந்து வந்த கோட்டையும் ஓட்டியது. ஒரு விளையாட்டின் அரட்டைப் பெட்டியில் தட்டிய வரியே சேர்வரைக் கைப்பற்றப் போதுமாக இருந்தது. ஆபத்து மதிப்பெண் 10க்கு 10. உங்கள் பைத்தன் லொக்கில் அந்த ஓட்டை இல்லை. ஆனாலும் வெளியிலிருந்து வரும் எழுத்தை அப்படியே நம்பாதீர்கள். பெயர்ப் பெட்டியில் யாரோ புதுவரிக் குறியோடு ஏதாவது ஒட்டினால் லொக்கில் நடக்காத ஒன்று நடந்ததுபோல் ஒரு வரி விழும்.

நேரத்தை, உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வித்தியாசத்தோடு எழுதுங்கள், +05:30 என்று. பைத்தனின் இயல்பு வடிவில் அது இருக்காது. எல்லாக் கொம்பியூட்டரும் சம்மாந்துறையில்தானே என்று நினைப்பீர்கள். நாளைக்கு டேட்டாபேஸை வெளிநாட்டுச் சேர்வருக்கு மாற்றினால் அங்கே வேறு நேரம். நம் நாடே 2006 ஏப்ரல்வரை +06:00இல் இருந்த நாடு.

டீபக் வரிகளை நேரடியாகப் பொருத்திய எழுத்தாகக் கொடுக்காமல், வார்ப்பும் மதிப்பும் தனித்தனியாகக் கொடுங்கள். அப்போது படி மூடியிருந்தால் வரியைக் கட்டும் வேலையே நடக்காது. 'எக்செப்ட்' போட்டுப் பிழையைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாமல் விடும் இடங்களைத் தேடி, 'எக்செப்ஷன்' என்ற அழைப்பைப் போடுங்கள். பிழை எங்கே பிறந்தது என்ற முழுத் தடமும் எரர் படியில் விழும். வெளி நூலகங்களின் லொக்கர்களை வோர்னிங்கில் வையுங்கள், அவை அலட்டும்.

உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தால் இன்னொரு வித்தை. டீபக் வரிகளைக் கோப்பில் எழுதாமல், கடைசி 500ஐ மட்டும் நினைவகத்தில் வைத்திருங்கள். எரர் ஒன்று விழும்போது அந்த 500ஐயும் கோப்பில் கொட்டுங்கள். விமானத்துக் கறுப்புப் பெட்டி மாதிரி. பைத்தனில் மெமரி ஹேண்ட்லர் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது நிரம்பினாலும் கொட்டிவிடும். நிரம்பினால் பழையதை எறியும்படி அதைச் சிறிது மாற்றி எழுத வேண்டும். நிறைப் பிசகு எரராக விழாததால் உங்கள் இன்றைய பிரச்சினைக்கு இது உதவாது. அடுத்ததுக்கு உதவும்.

கடைசியாக ஒரு எல்லை. விலையை யார் மாற்றினார், பதிந்த துண்டை யார் அழித்தார் என்பவற்றை லொக்கை நம்பி விடாதீர்கள். லொக்குக்கு மூடும் கதவு இருக்கிறது, சுழற்சியில் அழியும், எழுதுவினைஞரே திறந்து திருத்தலாம். காசு தொட்ட மாற்றங்களுக்கு டேட்டாபேஸில் தனி அட்டவணை வையுங்கள், சேர்க்க மட்டும் முடிகிற மாதிரி. முதலாளிக்கும் விவசாயிக்கும் வாக்குவாதம் வந்தால் காட்ட வேண்டியது அதைத்தான்.

பெரும்போக அறுவடை தொடங்குமுன் ஒரு நாள் ஆலைக்கு எடுத்து, எழுதுவினைஞரைக் கொண்டு அந்தச் சின்னக் கோப்பைத் திறப்பித்து, தராசு வரியை டீபக்காக மாற்றச் சொல்லிப் பாருங்கள். மேடையில் யாராவது ஏறி நிற்கட்டும். பிறகு லொக் கோப்பை அனுப்பச் சொல்லுங்கள். 30 செக்கன் கழித்து யூஎஸ், எஸ்டி என்று வரிகள் விழுந்திருந்தால் உங்கள் பஸ் காசு மிச்சம். விழாவிட்டால், அநேகமாக அந்த 'டிசேபிள்' வரியை நீங்கள் இன்னும் மாற்றவில்லை.